ஏழு, எட்டு, ஒன்பது வந்தால் நின்ற இடத்தில் நில்

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிளாக்ஜாக் என்று ஒன்றை ஆடிக்கொண்டிருந்தீர்கள். சீட்டை எண்ணி ஆடினால் ஜெயிக்கலாமாமே, எப்படி எண்ணுவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டீர்கள். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தீர்கள். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே கட்டில்மேல் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் ஏன் போனாள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கணக்குப் பிழை இருக்காது.

நீங்கள் ஆடும் பிளாக்ஜாக் எங்கள் கம்பெனியில் ஆடிய இருபத்தொன்றுதான். சீட்டுகளின் கூட்டல் இருபத்தொன்று வரவேண்டும், அல்லது அதற்குப் பக்கத்தில் வரவேண்டும். தாண்டினால் அவுட். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்து. ஆசுக்கு ஒன்றோ பதினொன்றோ, நம் இஷ்டம். சீட்டுப் போடுகிறவர்தான் பேங்கி. அவரைவிட நமக்குக் கூட வந்தால் ஜெயிப்பு, சமமாக வந்தாலும் அவருக்குத்தான். இதில் பெரிய மூளை எதுவும் வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அந்த வருஷம் ஆவணியில்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பஜாருக்குப் பின்னால் ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள போர்ஷனில் இருந்தோம். ஐப்பசி பிறந்ததும் பொன்னேரியிலிருந்து உங்கள் தாத்தா தட்டு நிறையப் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்து தலை தீபாவளிக்கு அழைத்தார்.

"மாப்ள, நாலு மணிக்கெல்லாம் உங்க தலையில எண்ண வெச்சிடணும். முதல் வெடி நீங்கதான் வெக்கிறீங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தெருவில் சொல்லிவிட்டார் என்பதை நீங்கள் சாதாரணமாக நினைக்கக்கூடாது. உங்கள் அம்மா அந்த வீட்டில் மூத்தவள். அந்தத் தெருவில் அதற்கு முந்தின வருஷம் ஒரு மாப்பிள்ளை தலை தீபாவளிக்கு வராமல் போய், அவர் ஏன் வரவில்லை என்று அடுத்த தீபாவளி வரைக்கும் பேசியிருக்கிறார்கள். நான் வருகிறேன் என்று தலையாட்டினேன்.

மறுநாள் என்ஜினியர் எங்களைக் கூப்பிட்டார். உலையை அணைத்தால் மறுபடி சூடேற்ற நாளாகும். அதனால் பண்டிகை என்றாலும் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் காலை ஆறு மணி ஷிப்டுக்கு நின்றே ஆகவேண்டும். தீபாவளிக்கு வழக்கமாக நிற்பவர் எங்கள் வெல்டர் பாய், பழவேற்காட்டுக்காரர். ரம்ஜானுக்கு அவருக்காக நாங்கள் நிற்போம். அந்த வருஷம் ரம்ஜானும் தீபாவளியும் ஒரே வாரத்தில் வந்து தொலைத்தன. பாய் வாரம் முழுவதற்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். வருஷா வருஷம் நமக்காக நின்றவரிடம் இந்த ஒரு தடவையும் நில் என்று கேட்க வாய் வரவில்லை.

மிச்சம் இருந்தது நானும் எலக்ட்ரீஷியனும். அவன் மீஞ்சூர்ப் பையன், கல்யாணம் ஆகாதவன்.

"உங்களுக்குள்ள பேசி ஒரு பேரைக் குடுங்க," என்றார் என்ஜினியர். "நான் சொன்னா என்மேல பழி வரும்."

வெளியே வந்ததும் எலக்ட்ரீஷியனிடம் நிலைமையைச் சொன்னேன்.

"எனுக்கு தலை தீபாவளிப்பா. வாழ்க்கையில ஒரு தபாதான் வரும்."

"உனுக்கு தலை தீபாவளிண்ணே. எனுக்கு தலைவர் தீபாவளி. படம் ரிலீசு. கட்அவுட்டுக்கு மால போடுற பொறுப்பு என்கிட்ட கீது. நான் இல்லன்னா யாரு ஏறுவா?"

"வேற யாருக்கும் ஏறத் தெரியாதா?"

"ஏறுவானுங்க. எறங்கத் தெரியாது."

டாஸ் போடலாம் என்றேன். டாஸ் ஒரு நொடியில் முடிந்துவிடும், மனசு ஆறாது என்றான். அப்போது கிரேன் ஓட்டுகிறவர் குறுக்கே வந்தார். தடாவுக்கு அந்தப் பக்கம், ஆந்திராக்காரர். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவார், அதனால் நாங்களும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்தான் சீட்டுக்கட்டை எடுப்பார். பேங்கியும் எப்போதும் அவர்தான்.

"டப்பு வெச்சி ஆடினா சண்ட வரும் நைனா. நட்டு வெச்சி ஆடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. லீவு லிஸ்ட்டு போற அன்னிக்கி மத்தியானம் சங்கு ஊதறப்போ யாருகிட்ட நட்டு அதிகம் கீதோ, அவன் ஊருக்குப் போட்டும். இன்னொருத்தன் உலைக்குப் போட்டும்."

எலக்ட்ரீஷியன் உடனே ஒப்புக்கொண்டான். அவன் இருபத்தொன்று நன்றாக ஆடுவான். நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், அதற்குச் சில நாள் முன்னால் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் ஒரு துணுக்குச் செய்தி படித்திருந்தேன். வெளிநாட்டில் சீட்டை எண்ணி ஆடுகிறவர்களை அடையாளம் கண்டால் கிளப்பை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்களாம். வெளியே அனுப்புகிறார்கள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கவேண்டும். கும்மிடிப்பூண்டியில் வெளியே அனுப்ப ஆளும் இல்லை.

சாயங்காலம் பஜாரில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவன் தேடிப் பார்த்து இங்கிலீஷில் ஒரு பக்கத்தை எடுத்தான். பிரிண்ட் எடுக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இது சூதாட்டம்ணா."

"லீவுக்குப்பா."

தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டான்.

அந்தப் பக்கத்தைப் படித்தவள் உங்கள் அம்மா. அவள் பிளஸ் டூ. கல்யாணத்தின்போது கொண்டுவந்த பெட்டியில் டிக்சனரியும் இருந்தது. முதலில் தலைப்பைப் பார்த்தாள்.

"பிளாக்னா கருப்பு. ஜாக்னா ஜாக்கி. கருப்பு ஜாக்கி."

"கட்டுல ரெண்டு கீது. கிளாவர்ல ஒண்ணு, இஸ்பேட்ல ஒண்ணு."

"அப்ப அந்த ரெண்டத்தான் எண்ணணும்போல."

இவ்வளவு சுலபமா என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் மதியம் கருப்பு ஜாக்கிகளை மட்டும் எண்ணினேன். இரண்டும் வந்தன. வேறு எதுவும் நடக்கவில்லை. என் நட்டுகளில் கொஞ்சம் நைனாவிடம் போயிருந்தன.

ஆகவே ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

அன்றைக்கு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு டிக்சனரியோடு உட்கார்ந்தாள். சாதம் ஆறிப்போகும் நேரத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. ரொம்ப எளிமையானது. எந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்யவேண்டாம். இரண்டு முதல் ஆறு வரைக்கும் சின்னச் சீட்டு. அது ஒன்று வந்தால், ஒன்று கூட்டு. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆசு இவை பெரிய சீட்டு. அது ஒன்று வந்தால், ஒன்று கழி. ஏழு, எட்டு, ஒன்பதுக்கு ஒன்றும் செய்யவேண்டாம். சின்னது நிறையப் போய்விட்டால் கட்டில் மிச்சம் இருப்பது பெரியது. பெரியது மிச்சம் இருந்தால் நமக்கு நல்லது. அப்போது நிறைய வை. மற்ற நேரத்தில் ஒரு நட்டு வைத்துவிட்டுச் சும்மா இரு.

"இது திருட்டு இல்லியே?" என்று அம்மா கேட்டாள்.

"கண்ணு எதிர்க்க போட்ட சீட்ட ஞாபகம் வெச்சிக்கறது எப்படித் திருட்டாவும்?"

அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். எனக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. மறுநாள் பாயிடம் கேட்டேன். நோன்பு நேரம், சாப்பாட்டு வேளையில் அவர் தனியாக ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்திருப்பார்.

"பாய், சீட்ட எண்ணி ஆடினா தப்பா?"

"நான் நோம்புல கீறேன்பா. சீட்டு ஆடறதே தப்பு, இதுல எண்ணிக்கினு ஆடினா தப்பா எண்ணாம ஆடினா தப்பான்னு வந்து கேக்கற. அப்பால போ."

பயிற்சியை வீட்டில் ஆரம்பித்தோம். வீட்டுக்காரரிடம் ஒரு பழைய சீட்டுக்கட்டை வாங்கி வந்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இடது கையால் சீட்டைத் தள்ளுவாள், நான் எண்ணவேண்டும். முழுக் கட்டும் தீர்ந்ததும் கணக்கு சைபரில் வந்து நிற்கவேண்டும் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்று அதிகமாக வந்தது. பள்ளிக்கூடத்திலும் எனக்குக் கணக்கு இப்படித்தான், விடைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். கவனமாக எண்ணினேன். மெதுவாக எண்ணினேன். சாமி கும்பிட்டுவிட்டு எண்ணினேன். ஒன்று அதிகம்.

அம்மா கடைசியில் தானே எண்ணிப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்று அதிகம். கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி அடுக்கினாள். ஆட்டின் பத்து, அதாவது ஹார்ட்டில் பத்து, இல்லை. கொஞ்ச நேரம் தேடிய பிறகு அவளே போய் காஸ் ஸ்டவ்வைத் தூக்கினாள். ஆடிக்கொண்டிருந்த காலுக்கு அடியில், மடித்து வைத்தபடி இருந்தது. வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. புதுக் கல்யாணம்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் கட்டில் ஐம்பத்திரண்டு சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். நம்மைச் சந்தேகப்படுவது அதற்கு அப்புறம்.

அடுத்த கஷ்டம், எண்ணுவது வெளியே தெரியக்கூடாது. எனக்கு மனசுக்குள் எண்ணினால் உதடு அசைந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னாண்ணே முணுமுணுக்குற?"

"சரணம் சொல்றேன்."

"இன்னும் மாலையே போடல, அதுக்குள்ள சரணமா?"

"பயகிக்கினு கீறேன்."

அதோடு உதட்டை நிறுத்தினேன். கால் விரலில் எண்ணலாம் என்று சேஃப்டி ஷூவுக்குள் விரலை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தேன். கால் விரல் கை விரல் மாதிரி இல்லை. ஒன்றை மடக்கினால் எல்லாம் சேர்ந்து மடங்கும். தசை பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்து, காலில் கம்பி விழுந்துவிட்டதா என்று செக்யூரிட்டி கேட்டார்.

வழி சொன்னவள் அம்மாதான். "எண்ணா நெனைக்காதீங்க, எடமா நெனைங்க. உங்க கம்பெனியில ஏணி எதுனா இல்லியா?" என்றாள். இருந்தது. கிரேனுக்கு ஏறிப் போகும் இரும்பு ஏணி. தரை சைபர். சின்னச் சீட்டு வந்தால் ஒரு படி ஏறுவேன். பெரியது வந்தால் ஒரு படி இறங்குவேன். தரைக்கும் கீழே போனால் உலைப் பள்ளம், அங்கே நிற்கும்போது ஒரு நட்டுக்குமேல் வைக்கக்கூடாது. ஏழு, எட்டு, ஒன்பது வந்தால் நின்ற இடத்தில் நிற்கவேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எனக்குப் பழக்கம் போதவில்லை. ஏதாவது ஒரு சீட்டு வந்ததுமே கால் ஏறவோ இறங்கவோ பரபரக்கும். அம்மா என்னை அதிலேயே போட்டு வாட்டினாள். ஏழு, எட்டு, ஒன்பதைக் கலந்து கலந்து போடுவாள்.

"ஏழு."

"ஒண்ணுமில்ல."

"எட்டு."

"ஒண்ணுமில்ல."

"ஒம்போது. யோசிக்காதீங்க. ஏழு எட்டு ஒம்போதெல்லாம் தெருவுல போற யாரோ. மூஞ்சியக்கூடப் பாக்காதீங்க. எந்த நம்பர்னு காதுலயே விழக்கூடாது."

சில நாளில் அப்படியே ஆகிவிட்டது. அந்த மூன்றும் வந்தால் எனக்குக் காற்று அடித்த மாதிரி இருந்தது. அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

இன்னொரு சங்கதியையும் சொல்லவேண்டும். நைனாவின் கட்டு கிரேன் கேபினிலேயே பல வருஷம் இருந்து கிரீஸ் ஏறிப்போன கட்டு. மூலையில் எண் இருந்த இடமெல்லாம் தேய்ந்து கருப்பாகிவிட்டது. உற்றுப் பார்த்துப் புள்ளியை எண்ணினால்தான் தெரியும். அதனால் அவர் சீட்டைப் போடும்போதே எண்ணை வாய்விட்டுச் சொல்வார், நாங்கள் காதால் கேட்டு ஆடுவோம். சொல்வது தமிழிலும் இருக்கும், தெலுங்கிலும் இருக்கும். எது வாயில் முதலில் வருகிறதோ அது. தெலுங்கில் மூன்றுக்கு மூடு என்பார்கள். முதல் தடவை அவர் "மூடு" என்றதும் நான் என் சீட்டைக் கவிழ்த்து மூடிவைத்தேன். எலக்ட்ரீஷியன் டிபன் பாக்ஸை மூடினான். பிறகு பழகிவிட்டது. இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு பாஷை எண்ணும் ஓரளவு காதில் இருக்கும். இருப்பதாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணி ஆட ஆரம்பித்ததும் இறங்கிப்போயிருந்த என் நட்டுகள் ஏற ஆரம்பித்தன. சட்டென்று ஏறவில்லை. இது மந்திரம் இல்லை, நல்ல நேரத்தில் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனுக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னா நைனா, அண்ணன் திடீர்னு கஞ்சனா ஆடறாரு, திடீர்னு ஜமீன்தாரா ஆடறாரு."

"புதுசா கண்ணாலம் ஆனவன் அப்படித்தான்ரா இருப்பான்," என்றார் நைனா.

லிஸ்ட் போகவேண்டிய நாளும் வந்தது. காலையில் கிளம்பும்போது அம்மா சோற்று டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, "பேங்கி பெருசு காட்டினா?" என்றாள்.

"பதினாறு வரைக்கும் எடுக்கணும்."

"பயந்துக்கினு நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

அன்று மதியம் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். எலக்ட்ரீஷியனுக்கு என்னைவிட நாலைந்து நட்டுகள் அதிகம் இருந்தன. அவன் அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாக வைத்தான். நானும் ஒவ்வொன்றாக வைத்தேன், ஏணி ஏறவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆரம்பத்திலேயே சின்னச் சீட்டாகக் கொட்டியது. இரண்டு, நாலு, மூடு, ஐந்து, மறுபடி மூடு. நடுவில் ஒரு ராணி வந்து ஒரு படி இறங்கினேன். பிறகு ஆறு, இரண்டு. கட்டில் பாதி போயிருந்தது. நான் ஏணியின் ஆறாவது படியில் நின்றேன். வீட்டுப் பயிற்சியில்கூட அவ்வளவு உயரம் போனதில்லை.

சங்கு ஊத நேரமாகிவிட்டது. ஆட்கள் எழுந்து கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு கைதான் ஆட முடியும். என்னிடம் இருந்த அத்தனை நட்டையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன்.

"ஜமீன்தார் வந்துட்டாரு," என்றான் எலக்ட்ரீஷியன். அவன் ஒரே ஒரு நட்டு வைத்தான்.

எனக்கு ஒன்பதும் ஐந்தும் வந்தன. பதினாலு. நைனா தனக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, இன்னொன்றைத் திறந்து வைத்தார். ராஜா. பேங்கி பெரியது காட்டுகிறது. பயந்துகொண்டு நிற்கக்கூடாது. நான் கையைக் காட்டிச் சீட்டு கேட்டேன்.

நைனா சீட்டை உருவி என் முன்னால் போட்டார். அதே நேரத்தில் சங்கு ஊதியது. சங்குக்கு நடுவில் அவர் சொன்னதை நான் கேட்டேன். எட்டு.

பதினாலும் எட்டும் இருபத்திரண்டு. அவுட்.

மூன்று சீட்டையும் எடுத்து, போன சீட்டுக் குவியலில் வீசிவிட்டு எழுந்துவிட்டேன்.

நைனா என்னையே பார்த்தார். சங்கு நிற்கும்வரை காத்திருந்தார்.

"ஏன்ரா எறிஞ்சிட்ட?"

"எட்டு நைனா. அவுட்டு."

"நான் எட்டுன்னு எப்ப சொன்னேன்? ஏடு. ஏடுன்னா ஏழுரா நைனா. எட்டுக்கு எங்க பாஷையில எனிமிதி."

குனிந்து குவியலின் மேலே கிடந்த சீட்டை எடுத்துப் புள்ளியை எண்ணினேன். ஏழு. பதினாலும் ஏழும் இருபத்தொன்று. நைனா தன் கவிழ்த்த சீட்டைத் திருப்பினார். ஒன்பது. அவருக்குப் பத்தொன்பது.

"அப்ப நான் ஜெயிச்சிட்டேன்," என்றேன்.

"எறிஞ்ச சீட்டு பொணம் நைனா. எயுந்து வராது."

அது அந்த மேஜையின் சட்டம். நானே மற்றவர்களிடம் அதைப் பலதடவை சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினேன். அவன் தன் நட்டுகளைக் கர்ச்சீப்பில் கட்டிக்கொண்டிருந்தான். அவை கம்பெனி நட்டுகள், ஸ்டோரில் திருப்பி வைக்கவேண்டியவை.

"நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே. ஏழுன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். தலைவர் வந்து வாயப் பொத்திட்டாரு."

லிஸ்டில் என் பெயர் போயிற்று.

எனக்கு இதில் இன்றைக்கும் வருத்தம் என்னவென்றால், எண்ணிக்கையில் ஒரு தப்பும் இல்லை. ஆறாவது படி சரி. வைத்தது சரி. எடுத்தது சரி. ஏழும் எட்டும் எண்ணுகிறவனுக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் மதிப்பு கிடையாது. ஆனால் கையில் இருக்கும் சீட்டைக் கூட்டுகிறவனுக்கு இரண்டும் ஒன்று இல்லை. ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்யவேண்டும் என்பது அந்த இங்கிலீஷ் பக்கத்தில் போட்டிருக்கவில்லை. போட்டிருந்து எங்களுக்கு விளங்காமலும் இருந்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனபோது அம்மா குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"எத்தினியாவது படி?"

"ஆறு."

"அவ்ளோ ஒசரமா? எல்லாத்தையும் வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"பேங்கி?"

"ராஜா காட்டிச்சு. என்கிட்ட பதினாலு. எடுத்தேன்."

"இன்னா வந்துச்சு?"

"ஏழு."

"பதினாலும் ஏழும் இருபத்தொண்ணு."

"ஆமா."

கரண்டி நின்றுவிட்டது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். "காதுலயே விழக்கூடாதுன்னு நான்தான சொன்னேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். இல்லை, சங்கு ஊதிவிட்டது என்றேன். ஊதாவிட்டாலும் எனக்கு விழுந்திருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் உங்கள் மாமா வந்து அம்மாவைப் பொன்னேரிக்கு அழைத்துப்போனார். விடியற்காலை நான் தனியாக எழுந்து, எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் வெடிச் சத்தம். உலை நன்றாக எரிந்தது. அதற்கு என் தேவை எதுவும் ஏற்படவில்லை. இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பண்டிகை நாள், வண்டி குறைவு. ஒன்று போய்விட்டிருந்தது. அடுத்ததைப் பிடித்து, கவரப்பேட்டை தாண்டி, பொன்னேரியில் இறங்கி, தெருவுக்குள் நுழையும்போது வெடித்தாள் குப்பையை எல்லோரும் பெருக்கித் தள்ளியாகிவிட்டது.

வாசலில் ஒரு கூட்டம் நின்றது. என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன். என்னைப் பார்க்கத்தான் நின்றிருக்கிறார்கள். காலையில் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் உங்கள் தாத்தா ஒரே பதில் சொல்லியிருக்கிறார்.

"எங்க மாப்ள இல்லன்னா அந்தக் கம்பெனியில உலையே எரியாது. முதலாளியே கையப் புடிச்சிக் கெஞ்சியிருக்காரு, வர முடியல."

நான் முதலாளியைப் பார்த்ததே கிடையாது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பையன் டிப்ளமா முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். பார்க்கலாம் என்றேன்.

உள்ளே போனால் உங்கள் அம்மா நேற்றைக்கு உடுத்திய புடவையிலேயே உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. விடியற்காலையிலிருந்து யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். புருஷன் வராமல் தனியாகத் தலை முழுக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இட்லியும் கறிக்குழம்பும்கூட அவள் தொடவில்லை. தெருவில் அதையும் பதி பக்தி என்று பேசியிருக்கிறார்கள். அவள் கோபம் யார்மேல் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. என்மேல் இல்லை. நைனாமேலும் இல்லை.

உங்கள் ஆயா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவரத் தயங்கினாள்.

"உச்சி சாஞ்சிடுச்சேங்க. இதுக்கு மேல எண்ண வெக்கலாமா?"

"அவருக்கு இப்பதாண்டி ஷிப்டு முடிஞ்சிது," என்றார் தாத்தா. "இப்பதான் விடிஞ்சிதுன்னு வெச்சிக்க. வை."

எங்கள் இரண்டு பேரையும் மணையில் உட்கார வைத்து, தெரு மொத்தமும் பார்க்க, வெயில் மேற்கே இறங்கும் நேரத்தில் தலையில் எண்ணெய் வைத்தார்கள். எண்ணெய் காதுக்குள் வழிந்தது. அம்மா குனிந்தபடியே என் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"சொல்லவே இல்லியே அப்பாகிட்ட?"

"இல்ல. நீ?"

"சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அன்று மாலை ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்த போட்டோதான் ஹாலில் மாட்டியிருப்பது. சாப்பிட்டுத் தூங்கி எழுந்த முகத்தோடு எல்லோரும் நிற்க, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தலை ஈரமாக இருக்கும்.